கோப்புறைப் பட்டியல் எடுக்க ஓர் எளிய கருவி: ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்த பின் எழுதும் மதிப்புரை

கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டில் சித்தப்பா நடத்திவந்த ஸ்டூடியோவை மூடிய நாளில், கடையில் எஞ்சியிருந்த எல்லாவற்றையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை மட்டும் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோவில் தேரோட்டம், மன்னவனூரின் ஆட்டுமந்தைகள், தாண்டிக்குடியின் காபித் தோட்டங்கள், 2006-லும் 2018-லும் மலைச்சரிவெல்லாம் பூத்த குறிஞ்சி என்று இருபது ஆண்டுகளாக அவர் எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. படங்கள் இருந்தாலும் அவற்றில் இருப்பவர் யார், அது எந்த ஊர், எந்த விசேஷம் என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டுமே உள்ளன. மடிக்கணினியைத் திறந்து வைத்துக் கேட்டபோது ஐந்து நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "திரையப் பாத்தா கண்ணு கூசுதுப்பா. பேரையெல்லாம் தாள்ல எடுத்துட்டு வா, பென்சில்ல எழுதித் தர்றேன்" என்றார். ஒரு கோப்புறைக்குள்ளும் அதன் உட்கோப்புறைகளுக்குள்ளும் உள்ள கோப்புகளின் பெயர்களைத் தாளில் அச்சிட்டுத் தரும் எளிய கருவி ஒன்றைத் தேடும் வேலை அன்று தொடங்கியது.

கேட்பதற்குச் சிறிய தேவையாகத் தோன்றினாலும், விண்டோஸ் கணினியில் கோப்புறையைத் திறந்து பார்க்கும் எக்ஸ்ப்ளோரர் சாளரத்தில் 'இந்தப் பட்டியலை அச்சிடு' என்று ஒரு பொத்தான் இல்லை. கோப்புகளையெல்லாம் தேர்ந்தெடுத்து 'பாதையாக நகலெடு' என்பதை அழுத்தினால், அவற்றின் முழுப் பாதைகளும் மேற்கோள் குறிகளுடன் நகலாகும். அதை நோட்பேடில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு கோப்புறைக்கு இந்த வழியே போதும், வேறு எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் உட்கோப்புறைகளுக்குள் இருப்பவை இதில் வருவதில்லை. தேதியும் அளவும் வருவதில்லை. சித்தப்பாவுக்குத் தேதி கட்டாயம் வேண்டும், ஏனெனில் அவர் படங்களை நினைவுகூர்வதே மாதத்தைக் கொண்டுதான்.

இணையத்தில் தேடி இறக்கிய இலவச நிரல்களில் முதலாவது, நிறுவும்போதே உலாவியின் முகப்புப் பக்கத்தை மாற்றிவிட்டு, கேட்காத இரண்டு மென்பொருள்களையும் சேர்த்து உள்ளே இறக்கியது. அவற்றை நீக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. இரண்டாவது நிரல் பட்டியலை அழகாகக் கட்டம் போட்டுத் தந்தது. ஆனால் தமிழில் இருந்த பெயர் ஒவ்வொன்றும் கேள்விக்குறிகளின் வரிசையாக வந்தது. மூன்றாவது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இணையத் தொடர்பைக் கேட்டது. பெருமாள்மலையில் மழைக்காலத்தில் மேகம் இறங்கிவிட்டால் மின்சாரமும் செல்பேசி அலையும் சேர்ந்தே போய்விடும் நாட்கள் உண்டு; என் ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதை எனக்குச் சொல்ல வெளியுலகத்தின் அனுமதி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. மூன்றையும் நீக்கிவிட்டேன். அவற்றின் பெயர்களை இங்கே சொல்லப்போவதில்லை. எதைத் தவிர்க்க வேண்டும் என்பது புரிந்தால் போதும்.

அதன் பிறகுதான் எந்த விண்டோஸ் கணினியிலும் ஏற்கெனவே இருக்கும், கோப்புறையில் உள்ளவற்றைப் பட்டியலிடும் 'டிர்' கட்டளைக்குத் திரும்பினேன். டி, ஐ, ஆர் என்ற மூன்றே எழுத்துகள். 1981-இல் வெளிவந்த டாஸ் இயங்குதளத்திலேயே இது இருந்தது; அதற்கும் முந்திய சிபிஎம் இயங்குதளத்திலும் இதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் ஒரு கருவி பெயர் மாறாமல் இருக்கிறது என்றால், அதன் வேலை தெளிவானது என்றுதான் கொள்ள வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்வதற்கான கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து, டிர் என்று அடித்து, கோப்புறையின் பாதையை இரட்டை மேற்கோள் குறிக்குள் தந்து, சாய்கோடு (/) போட்டு எஸ் என்ற எழுத்தைச் சேர்த்தால், உட்கோப்புறைகள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, நேரம், பைட் கணக்கில் அளவு, பெயர் ஆகியவற்றை ஒரே வரியில் தருகிறது. ஒவ்வொரு கோப்புறையின் முடிவிலும் அதிலுள்ள கோப்புகளின் எண்ணிக்கையும், எல்லாவற்றுக்கும் கீழே மொத்த எண்ணிக்கையும் வருகின்றன. எஸ்ஸுடன் சாய்கோடு பி என்பதையும் சேர்த்தால் தேதியும் அளவும் போய், முழுப் பாதை மட்டும் வரிக்கு ஒன்றாக நிற்கும். கட்டளையின் முடிவில் 'விடப் பெரிது' என்னும் கணிதக் குறியைப் போட்டு ஒரு கோப்பின் பெயரைத் தந்துவிட்டால், திரையில் ஓடவேண்டிய பட்டியல் அந்தக் கோப்புக்குள் சென்று அமர்ந்துவிடும். அதை நோட்பேடில் திறந்து அச்சிடலாம்.

பட்டியலைச் சேமிக்கும் கோப்பை, பட்டியல் எடுக்கும் கோப்புறைக்குள்ளேயே வைக்கக் கூடாது. கட்டளை ஓடத் தொடங்கும் முன்பே அந்தக் கோப்பு உருவாகிவிடுவதால், பட்டியலின் நடுவே பட்டியலும் 0 பைட் அளவுடன் ஓர் உருப்படியாக வந்து நிற்கும். டெஸ்க்டாப்பில் சேமிப்பதே முறை.

தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு முன்னேற்பாடு தேவை. கட்டளைச் சாளரம் இயல்பாகப் பழைய எழுத்துக் குறியீட்டுப் பக்கம் ஒன்றில் இயங்குகிறது; அந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்துகளுக்கு இடமே இல்லை என்பதால் அவை கேள்விக்குறிகளாக மாறிவிடுகின்றன. டிர் கட்டளைக்கு முன், சி, எச், சி, பி என்ற நான்கு எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு 65001 என்ற எண்ணைத் தந்தால், சாளரம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யுனிகோடின் யுடிஎஃப்-8 முறைக்கு மாறிவிடும். அதற்குப் பிறகும் திரையில் தமிழுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரியலாம். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். அது சாளரத்தின் எழுத்துருவால் வரும் குறை மட்டுமே. கோப்புக்குள் எழுதப்படுவது சரியான தமிழ்தான். நோட்பேடில் நிர்மலா எழுத்துருவில் திறந்தால் 'பூம்பாறைத் தேரோட்டம்' என்ற பெயர் ஒற்றுக்கூடப் பிசகாமல் வந்து நிற்கிறது.

முதலில் எடுத்தது 'குறிஞ்சி 2006' என்ற கோப்புறை. பட்டியலின் கீழே மொத்தம் 612 கோப்புகள் என்று இருந்தது. எக்ஸ்ப்ளோரரில் அதே கோப்புறையின் பண்புகளைத் திறந்து பார்த்தால் 615 என்று காட்டியது. மூன்று படங்கள் எங்கே போயின என்று இரவு வெகுநேரம் தேடினேன். பிறகுதான் புரிந்தது: விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம், படக் கோப்புறைகளைச் சிறு உருவங்களாகப் பார்க்கும்போது, ஒவ்வொன்றுக்குள்ளும் 'தம்ப்ஸ்' என்ற பெயரில் ஒரு மறைகோப்பை உருவாக்கி வைத்தது. அந்தக் கோப்புறைக்குள் இருந்த உட்கோப்புறைகள் மூன்று, மறைகோப்புகளும் மூன்று. டிர் கட்டளை தானாக மறைகோப்புகளைக் காட்டுவதில்லை. சாய்கோடு ஏ என்று சேர்த்துக் கேட்டால் காட்டும். கேட்டேன், 615 வந்தது. இந்தக் கணக்குச் சரிபார்ப்பை இப்போது ஒவ்வொரு கோப்புறைக்கும் செய்கிறேன். எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், அது தரும் மொத்தத்தையும் பண்புகள் காட்டும் மொத்தத்தையும் ஒப்பிடாமல் பட்டியலை நம்ப வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிர் இயல்பாகக் காட்டுவது கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி. படத்தை ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தாலும் அது பெரும்பாலும் மாறுவதில்லை; ஆனால் உருவான தேதி, நகலெடுத்த நாளுக்கு மாறிவிடும். ஆகவே இங்கே திருத்தத் தேதியே உண்மைக்கு அருகில் இருக்கிறது. உருவான தேதியை முன்னிறுத்தும் சில நிரல்களில், 2006-இல் பூத்த குறிஞ்சியெல்லாம் சித்தப்பா கடையை மூடிய ஆண்டில் பூத்ததாகக் காட்சி தரும்.

இந்தப் பட்டியல் எனக்குச் செய்த பெரிய உதவி நான் எதிர்பாராத ஒன்று. ஊர்வாரியாகப் படங்களைப் பிரித்து வைத்திருந்த கோப்புறையில் கொடைக்கானல் என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒரே பெயரில் ஒரே இடத்தில் இரண்டு கோப்புறைகள் இருக்க முடியாது என்று கணினி படித்த எவரும் சொல்வார்கள். எக்ஸ்ப்ளோரர் சாளரத்தில் அடுத்தடுத்துத் தெரிந்தபோது, ஏதோ கோளாறு, ஒன்று மற்றொன்றின் நகல் என்று எண்ணி, ஒன்றை அழித்துவிடக்கூட நினைத்திருந்தேன். பட்டியலில் பார்த்தால் வரிசை இப்படி இருந்தது: கவுஞ்சி, கிளாவரை, கும்பூர், கூக்கால், கொடைக்கானல், கே.சி.பட்டி, மறுபடியும் கொடைக்கானல். முதலாவதில் 37 கோப்புகள், இரண்டாவதில் 214. நகலென்றால் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும், நடுவில் கே.சி.பட்டி வந்து அமரவும் கூடாது.

காரணம் 'கொ' என்ற எழுத்துக்குள் இருந்தது. யுனிகோடில் 'கொ' என்பதைக் ககரத்தையும், கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி ஒன்றையும் கொண்டு எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, பிறகு தனியே ஒரு கால் என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். சித்தப்பா தட்டச்சுப் பயிற்சி பெற்றவர். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் அடிப்பதே அவர் கைப்பழக்கம், அவருடைய பழைய கணினி அவற்றை அப்படியே தனித்தனியாக வைத்துவிட்டது. 214 படங்கள் உள்ள கோப்புறையை உருவாக்கியவன் நான். விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸில் அமைந்த வட்டில் டிர் கட்டளை, குறியீட்டு எண்களின் வரிசையிலேயே பெயர்களைத் தருவதால், எகரக் கொம்புடன் தொடங்கிய அவருடைய கொடைக்கானல் 'கே'-க்கு முன்னும், ஒகரக் குறியுடைய என்னுடைய கொடைக்கானல் 'கே'-க்குப் பின்னும் நின்றன. அந்த 37 படங்களும் குறிஞ்சி ஆண்டவர் கோவிலில் எடுத்தவை. அவை தொலைந்துவிட்டன என்றே சித்தப்பா நினைத்திருந்தார். பட்டியலைக் கையில் கொடுத்தபோது அந்தப் பக்கத்தில் அவர் விரல் நெடுநேரம் நின்றது.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எல்லாருக்கும் இது நேரக்கூடியது. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறையும் இத்தகைய குறிகளைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வரும் கோப்புகளிலும் இதைக் காணலாம். பெயர்களை மொழி அறிந்து அடுக்கும் எக்ஸ்ப்ளோரர் சாளரத்தைவிட, குறியீட்டு எண்படி மொட்டையாக அடுக்கும் இந்தப் பழைய கட்டளையே எனக்கு உண்மையைக் காட்டியது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அதே குறியீட்டு வரிசை, படிப்பதற்குச் சிரமம் தருகிறது என்பதும் மெய். யுனிகோடின் தமிழ் அடைவு நம் நெடுங்கணக்கின் வரிசையில் அமைந்ததன்று. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே ஜகரம் வரும். நகரத்தை அடுத்து னகரம் வரும். ரகரத்தை அடுத்து றகரம் வரும். ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்பே வந்துவிடும். அகராதி பார்த்துப் பழகியவர்கள் ஒரு பெயரைத் தேடி இரண்டு மூன்று பக்கம் புரட்ட வேண்டியிருக்கும். சித்தப்பா இதை முதல் தாளிலேயே கவனித்துக் கேட்டார்.

இன்னொரு குறை நீளம். ஒரு கோப்பின் முழுப் பாதைக்கு விண்டோஸில் நெடுங்காலமாக உள்ள வரம்பு 260 குறிகள். தமிழில் இந்தக் கணக்கு நாம் எண்ணும் எழுத்துக் கணக்காக இருப்பதில்லை. கொடைக்கானல் என்பது நமக்கு ஆறெழுத்து. கணினிக்குப் பதினொரு குறிகள், சித்தப்பா அடித்த முறையில் பன்னிரண்டு. பூம்பாறை நான்கெழுத்து, எட்டுக் குறிகள். கோப்புறைக்குள் கோப்புறையாக நீண்ட பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால் வரம்பு விரைவில் நிரம்பிவிடும். அதைத் தாண்டிய இடங்கள் பட்டியலில் விடுபட வாய்ப்பு உண்டு. மொத்தக் கணக்கை ஒப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு முறையும் இத்தனையையும் அடிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். குறியீட்டுப் பக்கத்தை மாற்றும் வரியையும், டிர் வரியையும், முடிந்ததும் நோட்பேடைத் திறக்கும் வரியையும் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பில் எழுதி, 'அனுப்பு' என்ற வலச்சொடுக்குப் பட்டிக்குரிய கோப்புறையில் போட்டுவிட்டேன். இப்போது எந்தக் கோப்புறையின் மேலும் வலச்சொடுக்கி, அனுப்பு என்பதில் 'பட்டியல்' என்று நான் வைத்த பெயரைத் தேர்ந்தெடுத்தால், சில நொடிகளில் பட்டியல் திறந்துகொள்கிறது. நான்கைந்து வரிகள் உள்ள இந்தச் சிறு கோப்பே நான் தேடிய கருவி. நிறுவத் தேவையில்லை, இணையம் தேவையில்லை, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எதையும் தொடுவதில்லை.

கட்டளையே வேண்டாம் என்பவர்களுக்கும், பட்டியல் விரிதாளில் வேண்டும் என்பவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு. விண்டோஸின் இன்னொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல் மூலம் பெயர், அளவு, தேதி ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளாக, விரிதாளில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பில் எடுக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உடன்வரும் 5.1 பதிப்பில் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் தமிழ் மறுபடியும் கேள்விக்குறியாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். கேரன் கென்வொர்த்தி எழுதிய கேரன்ஸ் டைரக்டரி பிரிண்டர், வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைப்பது. எந்தெந்த விவரம் வேண்டும் என்று கட்டங்களில் குறியிட்டு, நேரே அச்சுப்பொறிக்கு அனுப்பலாம். எனக்கு அத்தனை கட்டங்கள் தேவைப்படவில்லை. கோப்புறைகளைக் கிளை கிளையாக வரைந்து காட்டும் 'ட்ரீ' கட்டளையும் விண்டோஸிலேயே இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் அதில் தேதியும் இல்லை, அளவும் இல்லை.

இவற்றுள் நான் உளமாரப் பரிந்துரைப்பது, வாய்ட்டூல்ஸ் வெளியிடும் 'எவ்ரிதிங்' என்ற இலவச நிரல். இது அடிப்படையில் தேடுகருவி. என்டிஎஃப்எஸ் வட்டின் தலைமை அட்டவணையை நேரே படிப்பதால், பல்லாயிரம் கோப்புகளின் பெயர்களும் எழுத்தை அடிக்க அடிக்க வந்து விழுகின்றன. அதற்கு நிர்வாகி அனுமதியைக் கேட்கும். எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு கோப்பு முறையில் அமைந்த வட்டாக இருந்தால் கோப்புறையை நாமே சேர்த்துவிட வேண்டும். தேடிக் கிடைத்தவற்றைச் சிஎஸ்வி கோப்பாகவோ வெறும் உரையாகவோ வெளியே எடுக்கலாம். நான் மதிப்பது இவற்றோடு சேர்ந்த மூன்றாவது வடிவத்தை. இஎஃப்யூ என்னும் அந்தக் கோப்புப் பட்டியலில் சேமித்துவிட்டால், ஹார்ட் டிஸ்க் கணினியில் மாட்டப்படாத வேளையிலும் அதிலுள்ளவற்றைப் பெயரால் தேடலாம். மலையின் ஈரத்துக்கு அஞ்சி நான் ஹார்ட் டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய டப்பாவில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். யாராவது தங்கள் பாட்டியின் படம் இருக்கிறதா என்று கேட்டு வந்தால், அதை வெளியே எடுக்காமலேயே பதில் சொல்ல முடிகிறது. ஆயினும் தாளில் அச்சிட எவ்ரிதிங் தரும் பட்டியலை விரிதாளில் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. லிப்ரே ஆபிஸின் கால்க் நிரல், சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போது எழுத்துக் குறியீட்டைக் கேட்டுவிடுவதால் தமிழ் சிதைவதில்லை. 'யார்', 'ஊர்' என்று இரண்டு வெற்றுப் பத்திகளைச் சேர்த்துக்கொள்ளவும் அது வசதி.

ஆகவே என் மேசையில் இப்போது இரண்டு கருவிகள் மட்டுமே உள்ளன: தாளுக்கு டிர், தேடலுக்கு எவ்ரிதிங். செலவானது மூஞ்சிக்கல் ஜெராக்ஸ் கடையில் அச்சுக்குக் கொடுத்த தொகை மட்டுமே. வரிகளுக்கிடையே எழுத இடம் வேண்டும் என்று சித்தப்பா கேட்டதால், உரையைச் சொற்செயலியில் ஒட்டி இரட்டை இடைவெளி விட்டு எடுத்தேன். குறிஞ்சி 2006 மட்டும் இருபத்திரண்டு தாள்கள். போன வாரம் பதினான்கு தாள்கள் பென்சில் எழுத்துடன் திரும்பி வந்தன. பெயர் தெரியாத சில படங்களுக்கு எதிரே கேள்விக்குறி போட்டு, மன்னவனூரில் இருக்கும் அத்தையிடம் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை மட்டும் இன்னும் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் மன்னவனூருக்குக் கொண்டு போக வேண்டும்.